ஏலியின் வீட்டில் வளர்ந்தவர்கள்

அன்புள்ள அக்கா,

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். கல்யாணமாகி வந்ததிலிருந்து தாம்பரத்தில் இருக்கிறோம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. மகனுக்கு 14 வயது, மகளுக்கு 9. ஞாயிறு பள்ளி, வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), மனப்பாட வசனப் போட்டி என்று பிள்ளைகளுக்கு எதையும் நான் விட்டதில்லை. இரவு 8.30-க்குக் குடும்ப ஜெபம். இந்த வருடம், விசுவாசத்தைச் சபை முன்னால் தன் வாயாலேயே சொல்லும் திடப்படுத்தலுக்கான வகுப்புக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது மகன் மாட்டேன் என்றுவிட்டான். "நீங்க நம்புறீங்க, சரி. எனக்கே தெரியாம நான் எப்படி எல்லார் முன்னாலயும் நம்புறேன்னு சொல்றது?" என்கிறான். எந்நேரமும் போன். மாமியார், "தாய் முழங்காலில் நின்று வளர்த்திருந்தால் பிள்ளை இப்படிப் பேசுமா?" என்று நீதிமொழிகள் 22:6-ஐ எடுத்துக் காட்டுகிறார். கணவர் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் இருக்கிறார், ஆனால் இதில் வாயே திறப்பதில்லை. மூன்று மாதமாக வெள்ளிக்கிழமைதோறும் மகனுக்காக உபவாசம் இருக்கிறேன். அன்றைக்கு அவன் தானே தட்டைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். வற்புறுத்தி அனுப்பலாமா? நான் எங்கே தவறினேன்?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் சாமுவேல் முதலாம் புத்தகத்தை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். கடைசி வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். "நான் எங்கே தவறினேன்?" என்று என் அம்மா கேட்டதை அடுக்களை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கும் உங்கள் மகன் வயதுதான்.

போனை விட்டுத்தள்ளுங்கள். அது எல்லார் வீட்டிலும் நடக்கிற சண்டை. விசுவாசத்தோடு அதைச் சேர்த்துக் குழப்பினால் இரண்டும் கெடும்.

மாமியார் காட்டும் வசனத்துக்கு வருகிறேன். "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்." நல்ல வசனம்தான். ஆனால் அது நீதிமொழி. பிள்ளை மாறிப்போனால் தாயைப் பிடித்து நிறுத்திக் கேட்பதற்காக எழுதிவைத்த பத்திரம் இல்லை. அந்தப் புத்தகம் சாலொமோன் பெயரில் இருக்கிறது. அந்தச் சாலொமோனே வயதான காலத்தில் அந்நிய தேவர்கள் பக்கம் சாய்ந்தார் என்று 1 இராஜாக்கள் 11-ஆம் அதிகாரம் ஒளிக்காமல் சொல்கிறது. அவர் மகன் ரெகொபெயாம் முதியோர் சொன்னதைத் தள்ளி, கூட வளர்ந்த வாலிபர் பேச்சைக் கேட்டு ராஜ்யத்தையே இரண்டாக்கினான்.

சாமுவேலின் தாய் அன்னாளைப் பாருங்கள். நம் பிரசங்கிமார் தாய்மாருக்கு எப்போதும் எடுத்துக்காட்டுவது அவளைத்தான். அழுது கேட்டுப் பெற்ற பிள்ளை, சரி. ஆனால் பால் மறந்ததும் அவனைக் கொண்டுபோய் ஆலயத்தில் விட்டுவிட்டாள். வருஷத்துக்கு ஒருதரம் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பாள். சாமுவேல் வளர்ந்தது அங்கே ஆசாரியனாக இருந்த ஏலியிடம். அதே ஏலி பெற்ற ஓப்னியும் பினெகாசும் பலி கொடுக்க வந்தவர்கள் இறைச்சியை வலுக்கட்டாயமாகப் பிடுங்கித் தின்றார்கள். ஒரே ஆலயம், ஒரே பெரியவர். ஊரான் பிள்ளை தீர்க்கதரிசியானான், சொந்தப் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள். அப்புறம் அந்தச் சாமுவேலின் பிள்ளைகளாவது? யோவேலும் அபியாவும் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். சாமுவேலின் மனைவி சரியாக வளர்க்கவில்லை என்று வேதம் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதாததை நாம் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும்? வளர்ப்பு வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு மனுஷன் ஆண்டவரை நம்புவதும் நம்பாததும் தாயின் கைவேலை என்று சொல்வது வேதத்துக்கே அடுக்காது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எபேசியர் 6:4 யாரைப் பார்த்துப் பேசுகிறது? "பிதாக்களே" என்று. பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் கர்த்தருக்கேற்ற போதனையில் வளர்க்கச் சொல்லியிருப்பது தகப்பனிடம். உங்கள் கணவர் கமிட்டியில் பேசுவார், வீட்டில் பேசமாட்டார் என்றால் மாமியார் அந்த வசனத்தை அவரிடம் எடுத்துக் காட்டட்டும். நீங்களும் அவரை ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள், தங்கச்சி. அதுதான் எனக்கு ஆத்திரம்.

எங்கள் ஊர் களக்காட்டுப் பக்கம், மலை அடிவாரம். அண்ணன் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷமே, இனி கோயிலுக்கு வரமாட்டேன் என்றுவிட்டான். அந்த வருஷம் சபையார் கூடிச் சமைத்துச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு அம்மா மற்ற பெண்களோடு உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "தாய்க்கு ஜெபம் காணாது, அதான்" என்று ஒருத்தி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அம்மா தலை நிமிரவில்லை. காய் மட்டும் வரவரப் பொடிசாக விழுந்துகொண்டே இருந்தது. ஞாயிறுதோறும் கோயிலில் வேதபாடம் வாசிக்கிற அப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் லீவுக்கு வந்தால் அம்மா ஜெபத்தை நீட்டுவாள். அவன் காதில் விழவேண்டும் என்றே பெயர் சொல்லி அழுவாள். அவன் ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டான். ஒரு கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. அம்மாவுக்கு அது எப்படியோ உறைத்தது. அடுத்த தடவை அவன் வீட்டு முன்பக்கத் தார்சாவில் படுத்திருக்க, அம்மா உள்ளே 121-ஆம் சங்கீதத்தைத் தன் ராகத்தில் வாசித்தாள். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று வாசிக்கும்போது பின்வாசல் வழியே நிஜமாகவே மலை தெரியும். ஒத்தாசை என்பது அவள் நாள் முழுக்கப் புழங்கும் வார்த்தை, "மாவாட்ட ஒத்தாசைக்கு வாட்டி" என்று. மழைக்கும், கன்று போடாத பக்கத்து வீட்டுப் பசுவுக்கும் ஜெபித்துவிட்டு எழுந்தாள். அவன் பெயரை எடுக்கவில்லை. "ஏய், சாப்பிட வா" என்றாள். வந்தான்.

அண்ணன் இன்றுவரை கோயிலுக்குப் போகிறவன் இல்லை. ஆனால் அம்மாவுக்குக் கண் மங்கிப்போன கடைசி வருஷத்தில் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தினமும் சங்கீதம் வாசித்தது அவன்தான். அதே ராகம், அதே இழுப்பு. நம்புகிறாயா என்று அவனிடம் நான் கேட்டதில்லை.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வற்புறுத்தாதீர்கள். கைக்குழந்தையில் அவனுக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் கொடுத்த வாக்கை அவனே தன் வாயால் சொல்வதுதான் திடப்படுத்தல். தெரியாமல் எப்படிச் சொல்வது என்று அவன் கேட்டது அந்த ஆராதனைக்குச் செய்த மரியாதை. பக்கத்துப் பெஞ்சுப் பையன்களில் எத்தனை பேர் அவ்வளவு யோசித்திருப்பார்கள்? தஞ்சாவூர்ப் பிராமண விதவையான குளோரிந்தாள் ஞானஸ்நானம் கேட்டபோது, ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு மணமாகாமல் வாழ்கிறாள் என்று மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். அவள் காத்திருந்தாள். 1778-இல்தான் பாளையங்கோட்டையில் கிடைத்தது. 1785-இல் அங்கே அவள் கட்டிய கோயிலை இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்கிறார்கள். திருநெல்வேலிச் சபை இப்படிக் காத்திருந்த ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கியது. உங்கள் மகனுக்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம் பொறுப்பதில் ஒன்றும் முழுகிப்போகாது. திடப்படுத்த வருகிற பேராயர் அடுத்த வருஷமும் வருவார்.

இந்த வெள்ளிக்கிழமை உபவாசம் வேண்டாம். அவன் தட்டைப் போடும்போது நீங்களும் ஒரு தட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். வகுப்பைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். மீன் குழம்பு வையுங்கள்.

அன்புடன்,
அக்கா