நஷ்டத்தில் பங்கை விற்றால் சம்பள வரி குறையுமா?

கேள்வி: நான் மாதச் சம்பளக்காரன். போன வருடம் ஜனவரி 20-ல் 2 லட்ச ரூபாய்க்கு வாங்கிய பங்கு இன்று 1.2 லட்சத்தில் நிற்கிறது. இந்த நிதியாண்டில் வேறு பங்குகளை விற்றதில் குறுகிய கால லாபம் 50,000, நீண்ட கால லாபம் 90,000. இதை இப்போது விற்றால் சம்பளத்தில் பிடிக்கும் வரி குறையுமா? அப்புறம் அதே பங்கைத் திரும்ப வாங்கலாமா?

பதில்: சம்பள வரி ஒரு ரூபாய்கூடக் குறையாது. பங்கு விற்ற நஷ்டத்தை மூலதன ஆதாயத்தில் (பங்கு, சொத்து விற்ற லாபத்தில்) மட்டும்தான் கழிக்க முடியும். ஆனால் அந்தக் குறுகிய கால லாபம் 50,000-க்கு 20 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் வருமே, அதை மிச்சப்படுத்தலாம். எந்தத் தேதியில் விற்கிறீர்கள் என்பதுதான் விஷயம்.

வாங்கி 12 மாதம் ஆகும் ஜனவரி 20 தாண்டுவதற்குள் விற்றால் 80,000-மும் குறுகிய கால நஷ்டம். அதை இரண்டு வகை லாபத்திலும் கழிக்கலாம். 50,000 முழுவதும் கழிந்து, 10,400 ரூபாய் வரி மிச்சம். மீதி 30,000-ஐ அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்றால், முடியாது. நீண்ட கால லாபம் 1.25 லட்சம் வரை வரி கிடையாது என்றாலும், நஷ்டத்தைக் கழித்த பிறகுதான் அந்த விலக்கு. ஆக, அந்த 30,000 வீண்தான்.

12 மாதம் தாண்டிவிட்டால் இன்னும் மோசம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டுமே கழிக்க முடியும். எப்படியும் வரி இல்லாத அந்த 90,000-லேயே உங்கள் 80,000 கரைந்துபோகும். மிச்சம் பூஜ்யம். ஒரே பங்கைப் பல தவணையில் வாங்கியிருந்தால், முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கணக்கு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்ற பங்கை 30 நாளுக்குள் திரும்ப வாங்கினால் நஷ்டத்தைக் கழிக்க முடியாது என்று அமெரிக்காவில் உள்ளதுபோல விதி இங்கே இல்லை. மறுநாள் வாங்கலாம். விற்ற அன்றே வாங்கினால் மட்டும் அது இன்ட்ராடே (ஒரே நாளில் வாங்கி விற்கும் வர்த்தகம்) ஆகிவிடும், நீங்கள் நினைத்த நஷ்டம் கணக்கில் ஏறாது. ஒன்று, மறுநாள் விலை ஏறித் திறந்தால் 10,400-ம் அதிலேயே போய்விடலாம். பங்கின் மேல் இன்னும் நம்பிக்கை இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய ஐடிஆர்-1 படிவம் உதவாது, ஐடிஆர்-2 வேண்டும். கழித்தது போக நஷ்டம் மிஞ்சுகிறவர்கள் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் அதை 8 வருடம் எடுத்துச் செல்லலாம்.