வெள்ளை கவுன் கேட்கும் மகள்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நான் தூத்துக்குடியில் வசிக்கிறேன். என் கணவர் கத்தோலிக்கர். நான் முருகனைக் கும்பிட்டு வளர்ந்தவள். இரு வீட்டாரும் சம்மதிக்காததால் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். மகள் பிறந்தபோது, திருமுழுக்கும் (ஞானஸ்நானம்) வேண்டாம், குலதெய்வக் கோயிலில் மொட்டையும் வேண்டாம், வளர்ந்தபின் அவளே முடிவு செய்யட்டும் என்று இருவரும் பேசி வைத்தோம். இப்போது அவளுக்கு 8 வயது. உடன் படிக்கும் பிள்ளைகள், தேவாலயத்தில் முதன்முறையாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கான வகுப்புக்குப் போகிறார்கள். தானும் வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு நன்மை வாங்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். என் அம்மா திருச்செந்தூருக்கு அழைத்துப் போனால் அங்கும் திருநீறு பூசிக்கொண்டு மகிழ்ச்சியாகவே திரும்பி வருகிறாள். சென்ற மாதம் என் மாமியார், “ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை மோட்சத்துக்குப் போகாது” என்று அவளிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. “செத்துப்போனால் நான் அப்பாகூட இருக்க முடியாதா?” என்று கேட்கிறாள். ஒரு மதத்தில் வளர்க்காமல் விட்டது எங்கள் தவறா?

அன்புள்ள சகோதரிக்கு,

விளக்கு விடியும்வரை எரியட்டும். மதம் பற்றிய முடிவைத் தள்ளிப்போடலாம், பயத்தைத் தள்ளிப்போட முடியாது. ஏறத்தாழ 7 முதல் 11 வயது வரையிலான குழந்தைகளின் சிந்தனை, கண்ணால் காணும் பொருள்களையும் நடப்புகளையும் பற்றிக்கொண்டே இயங்கும் என்று உளவியலாளர் ழான் பியாஜே விளக்கினார். மோட்சம் என்றதும் உங்கள் மகளுக்கு, அப்பா உள்ளேயும் தான் வெளியேயுமாக நிற்கும் ஒரு கதவு தோன்றியிருக்கும்.

மாமியாரின் கவலைக்குப் பதில் அவருடைய திருச்சபையிலேயே இருக்கிறது. 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு, திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. அவர்களுடைய மீட்பை எதிர்நோக்குவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்று 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழுவும் கூறியது. இதை நீங்கள் எடுத்துச் சொன்னால் மாமியார் மருமகள் வழக்காக மாறிவிடும். கணவர் சொல்லட்டும், அல்லது பங்குத்தந்தையைக் கொண்டு சொல்ல வைக்கட்டும்.

முடிவை மகளிடம் விட்டதில் தவறில்லை. ஆனால் அதுவரை வீட்டில் யாரும் எதையும் பேசக்கூடாது என்று அதற்குப் பொருள் கொண்டுவிட்டீர்களோ என்று உங்கள் கடிதத்தைப் படிக்கையில் தோன்றுகிறது. கலப்பு மணத் தம்பதியர் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். அந்த மௌனம் பிள்ளையின் சுதந்திரத்தைக் காப்பதைவிட, தம்பதியருக்குள் சச்சரவு வராமல் காக்கவே பெரிதும் பயன்படுகிறது. நீங்கள் பேசாமல் விட்ட இடத்தில் பாட்டி பேசினார்.

1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை (1992இல் இந்தியாவும் இதை ஏற்றது) குழந்தையின் மனச்சான்று, மத உரிமையை மதிக்கச் சொல்லும் அதே பிரிவில், அதன் வளரும் திறனுக்கேற்ப வழிகாட்டும் உரிமையையும் கடமையையும் பெற்றோருக்குத் தருகிறது. ஆகவே உங்கள் நம்பிக்கையை நீங்கள் மறைக்க வேண்டியதில்லை. பனிமய மாதா திருவிழாவுக்குக் கணவர் அவளை அழைத்துச் சென்று, தான் எதை நம்பி அங்கே முழந்தாளிடுகிறார் என்று சொல்லட்டும். திருச்செந்தூரில் நீங்கள் உங்கள் வேண்டுதலைச் சொல்லுங்கள். இருவரில் எவருக்கேனும் நம்பிக்கை தளர்ந்திருந்தால் அதையும் ஒளிக்காதீர்கள். “அப்பா இப்படி நம்புகிறார், நான் இப்படி நம்புகிறேன்” என்பதை எட்டு வயதுப் பிள்ளையால் தாங்கிக்கொள்ள முடியும்.

புதுநன்மைக்கு முன் திருமுழுக்குப் பெற்றிருக்க வேண்டும் என்பதை அவளுக்கு விளக்குங்கள். 7 வயது நிறைந்தவரைத் திருச்சபைச் சட்டமே பகுத்தறியும் வயதினராகக் கொள்வதால், அவளே விரும்பிக் கேட்டு, அதற்கான பயிற்சியும் பெற்றாக வேண்டும். அச்சத்தில் கேட்பதை விருப்பமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இந்த ஆண்டு வேண்டாம் என்பேன். பயம் தெளிந்து ஓரிரு ஆண்டு கழித்தும் அவள் கேட்டால், நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள். இப்போதைக்கு ஒரு வெள்ளை கவுன் தைத்துக் கொடுங்கள், தோழியின் புதுநன்மை விழாவுக்குப் போட்டுக்கொண்டு போகட்டும்.

அவள் கேட்ட கேள்வி அப்பாவைப் பற்றியது, அதனால் பதிலும் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். இன்றிரவு அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, “உன்னை விட்டுவிட்டு நான் எங்கேயும் போக மாட்டேன் என்றுதான் நான் நம்புகிறேன், பாட்டி சொன்னதை நான் நம்பவில்லை” என்று அவர் சொல்லட்டும். அதன் பிறகும் சில வாரங்களுக்கு உறக்கம் சரியாகவில்லையென்றால், குழந்தைகள் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.