பல சமூக ஊடகக் கணக்குகளை ஒரே இடத்தில் கையாள எளிமையான ஆப் ஒன்றை எப்படி வடிவமைப்பது? டாஷ்போர்டில் என்னென்ன வைக்கலாம்?

அனேகமாக நீங்கள் ஏற்கெனவே ஃபிக்மா என்ற வடிவமைப்புச் செயலியில் ஒரு திரை வரைந்து வைத்திருப்பீர்கள். இடப்பக்கம் கணக்குகளின் வரிசை, நடுவில் நான்கு பெட்டிகள், மேலே ஏறிக்கொண்டே போகும் ஒரு கிராஃப். நானும் முதலில் அதைத்தான் வரைந்தேன். இப்போதைக்கு அதை ஓரமாக வைத்துவிடுங்கள். டாஷ்போர்டே வேண்டாம் என்று சொல்லவில்லை, கடைசியில் வரட்டும். முதலில் வரைய வேண்டியது ‘வெளியிடு’ பொத்தான். அதில் விரல் படும் நொடியில், தான் யார் பெயரில் பேசப் போகிறோம் என்பது பயனருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த வகை ஆப்பில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. வடிவமைப்பு வேலைக்கு வருவதற்கு முன் மூன்று வருடம் ஓர் ஏஜென்சியில் வாடிக்கையாளர்களின் சமூக ஊடகக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டேன். என் கையில் 11 கணக்குகள் இருந்தன, என் சொந்தக் கணக்கு அதில் சேராது. எல்லாவற்றையும் ஒரே ஆப்பில் இணைத்து வைத்திருந்தேன். சொந்தக் கணக்கையும் அதில் ஏன் இணைத்தாய் என்று கேட்பீர்கள். எங்கள் குழுவில் எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தோம். புதிய வசதி ஏதாவது வந்தால் வாடிக்கையாளர் கணக்கில் சோதிக்க முடியாதே, அதற்காக.

என் பாட்டி இறந்த நாள் இரவு தூக்கம் வரவில்லை. இரண்டு மணி இருக்கும். அவரைப் பற்றி மூன்று வரி எழுதினேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுதப் பழகியதைப் பற்றி. எழுதி, பதிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலை ஆறு மணிக்கு மேலாளர் அழைத்தார். “என்னம்மா இது? யாரோட பேஜ்ல என்ன போட்டிருக்க?”

அந்த மூன்று வரியும் பொம்மைகள் விற்கும் ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் போயிருந்தது. அதற்கு நேர் கீழே முந்தைய நாள் மாலை நானே போட்ட தள்ளுபடி அறிவிப்பு, பலூன் படங்களுடன். நான்கு மணி நேரத்தில் அதன் கீழே என்னென்ன சேர்ந்திருந்தது என்பதை இங்கே எழுத மனம் வரவில்லை. சிலர் அதை விளம்பர உத்தி என்று நினைத்துத் திட்டியிருந்தார்கள். பலர் சிரித்திருந்தார்கள்.

‘கவனமாக இருந்திருக்கலாமே’ என்று எழுத வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்தத் திரை எப்படி இருந்தது என்று சொல்கிறேன். எழுதும் பெட்டிக்கு மேலே, இடது மூலையில் ஒரு சின்ன வட்டம். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. கணக்கின் படம் அதற்குள்தான். பெயர் கிடையாது. கீபோர்டு எழும்பினால் எழுதும் பெட்டி மேலே நகரும், அந்த வட்டம் திரையை விட்டே போய்விடும். ‘போஸ்ட்’ என்ற நீலப் பொத்தான் எந்தக் கணக்கில் இருந்தாலும் ஒரே நீலம், ஒரே இடம், ஒரே சொல். ஆப்பைத் திறந்தால் கடைசியாகப் பயன்படுத்திய கணக்கிலேயே திறக்கும். நான் கடைசியாகப் பயன்படுத்தியது மாலை ஐந்து மணிக்கு, பலூன் படம் போட. இரவு இரண்டு மணிக்குக் கண் கலங்கியிருக்கும் ஒருத்திக்கு அந்தத் திரை எதையும் சொல்லவில்லை.

அந்த ஆப்காரர்களுக்கு நடந்ததை எழுதினேன். ‘பதிவிடும் முன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளவும்’ என்று ஒரு வரி பதில் வந்தது. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் நானும் அந்த வேலையை விட்டேன்.

பிறகு தேடிப் பார்த்தபோதுதான் இது எனக்கு மட்டும் நடந்ததில்லை என்று தெரிந்தது. 2011 பிப்ரவரியில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ட்விட்டர் கணக்கில், நண்பர்களோடு குடிப்பதைப் பற்றி ஓர் ஊழியர் எழுதியது வெளியானது. சொந்தக் கணக்கில் போட வேண்டியதை, பல கணக்குகளைக் கையாளும் ஆப்பில் இருந்து மாற்றிப் போட்டுவிட்டார். சங்கம் அதை நீக்கிவிட்டு, இதமாக ஒரு விளக்கம் எழுதியது. அந்த ஊழியரைத் தண்டிக்கவில்லை. அடுத்த மாதமே கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் கணக்கில் அதே வகைப் பிழை. ஏஜென்சி ஊழியர் ஒருவர் டெட்ராய்டில் கார் ஓட்டுபவர்களைத் திட்டி எழுதியது நிறுவனத்தின் பெயரில் போனது. அவருக்கு வேலை போனது, ஏஜென்சிக்கு ஒப்பந்தம் போனது. இரண்டு இடத்திலும் மனிதர்கள் செய்தது ஒன்றுதான்.

இதற்கு வடிவமைப்பில் பழைய பெயர் ஒன்று உண்டு, மோட் பிழை. ஒரே பொத்தான், ஒரே விரல் அசைவு. ஆனால் ஆப் எந்த நிலையில் (அதுதான் மோட்) இருக்கிறதோ அதைப் பொறுத்து விளைவு மாறும், அந்த நிலை கண்ணுக்குத் தெரியாது. ஜெராக்ஸ் ஆய்வகத்திலும் பிறகு ஆப்பிளிலும் வேலை பார்த்த லாரி டெஸ்லர் தன் வாழ்நாளில் பெரும்பகுதி இந்த மோட்களுக்கு எதிராகப் போராடினார். கார் நம்பர் பிளேட்டில்கூட ‘நோ மோட்ஸ்’ என்று போட்டிருந்தார். பல கணக்கு ஆப் என்பது முழுக்க முழுக்க மோட்தான். அதை ஒழிக்க முடியாது. மறைக்காமல் இருக்கலாம்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிறகு நான் வடிவமைப்பு படித்து, நான்கு பேர் குழு ஒன்றில் இதே வகை ஆப்பில் வேலை செய்தேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை, இது விளம்பரம் இல்லை.

நாங்கள் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான்: ‘நிச்சயமாக வெளியிடவா?’ என்று ஒரு பெட்டி. ஒரே வாரத்தில் சோதனைக்கு வந்தவர்கள் அதைப் படிக்காமலேயே ‘ஆம்’ தட்டப் பழகிவிட்டார்கள். தினமும் இருபது தடவை வரும் எச்சரிக்கை எச்சரிக்கையே இல்லை. அதைத் தூக்கிவிட்டு, கணக்கின் பெயரையே பொத்தானுக்குள் கொண்டுவந்தோம். ‘வெளியிடு’ என்று மொட்டையாக இருந்த இடத்தில் ‘இன்னார் பெயரில் வெளியிடு’. கீபோர்டு எழும்பினாலும் அது கீபோர்டுக்கு மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆப்பைக் கடைசியாகப் பயன்படுத்தி அரை மணி நேரம் ஆகியிருந்தால் பழைய கணக்கில் தொடராது, எந்தக் கணக்கு என்று முதலில் கேட்கும். ஒரு தட்டு கூடுதல்தான். வேகம் குறைகிறது என்று குழுவிலேயே சண்டை வந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நிறம் கொடுத்து, எழுதும் பெட்டியைச் சுற்றி அந்த நிறத்தில் பட்டையாக ஓரம் போட்டோம். பார்க்க அழகாக இருந்தது. சோதனைக்கு வந்த ஒருவர் இரண்டு திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதானே?” என்றார். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. அவருக்கு அந்த இரண்டும் பிரித்துத் தெரியாது. ஆண்களில் இந்தக் குறை கணிசமான பேருக்கு உண்டு, ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காடு. நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லக் கூடாது என்பது இணையத்தை உடற்குறை உள்ளவர்களும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான விதிகளிலேயே இருக்கிறது. அதைப் படித்திருந்தேன். ஆனால் அவர் என் முன்னால் உட்கார்ந்து அப்படிக் கேட்டபோதுதான் உறைத்தது. நிறம் இருக்கட்டும், அதோடு பெயரும் படமும் சேர்ந்தே வரட்டும்.

அப்புறம், திரும்பப் பெறும் அவகாசம். ஜிமெயிலில் அனுப்பிய மடலை நிறுத்தும் வசதி இருக்கிறதே, அதில் 5 நொடியிலிருந்து 30 நொடி வரை மடலைப் பிடித்து வைக்கிறார்கள், அவ்வளவுதான். அதையே செய்தோம். வெளியிடு என்று தட்டிய பின் 20 நொடி எங்கள் சர்வரிலேயே பதிவு காத்திருக்கும். அந்த நேரம் முழுக்கத் திரையில் பெரிதாக ‘இன்னார் பெயரில் போகிறது’ என்றும், பக்கத்தில் ‘நிறுத்து’ என்றும் இருக்கும். போன பிறகு அழிப்பது வேறு விஷயம். அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். இதோடு, நேரம் குறித்து வைத்த பதிவுகள் அத்தனையையும் ஒரே தட்டில் நிறுத்தும் பொத்தான் ஒன்றும் வையுங்கள். ஊரே துக்கத்தில் இருக்கும் நாளில், போன வாரம் குறித்து வைத்த கொண்டாட்டப் பதிவு தானாகக் கிளம்புவதைவிடக் கொடுமை இந்த வேலையில் இல்லை.

இன்னொன்று, ஆப் பொய் சொல்லக் கூடாது. கணக்கை இணைக்கும்போது பயனர் கடவுச்சொல்லை நமக்குத் தருவதில்லை, ஓஆத் (OAuth) என்ற முறை வழியாக அனுமதி மட்டும் தருகிறார். அந்த அனுமதிக்கு ஆயுள் உண்டு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன் மூன்றிலும் பொதுவாக 60 நாள். ஃபேஸ்புக்கில் கடவுச்சொல்லை மாற்றினால் அன்றே செத்துவிடும். பல ஆப்கள் இதைச் சொல்வதே இல்லை. பதிவு காலண்டரில் ‘திட்டமிடப்பட்டது’ என்று சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், நேரம் வந்ததும் போகாது, வாடிக்கையாளர் போன் செய்து கேட்கும்போதுதான் நமக்கே தெரியும். ஒரு வாரம் முன்னாலேயே சொல்லுங்கள். போகவில்லை என்றால் ‘பிழை 190’ என்று காட்டாமல், ‘அனுமதி முடிந்துவிட்டது, இங்கே தட்டி மீண்டும் உள்நுழையுங்கள்’ என்று சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமில் தனிநபர் கணக்குக்கு வெளி ஆப்பிலிருந்து பதிவிட முடியாது, பிசினஸ் அல்லது கிரியேட்டர் கணக்காக இருக்க வேண்டும். இதையும் இணைக்கும் முதல் திரையிலேயே சொல்லிவிடுங்கள். எல்லாம் எழுதி முடித்த பிறகு சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

எழுத்து எண்ணிக்கையில் நாங்கள் நன்றாக அடிபட்டோம். எக்ஸில் 280, புளூஸ்கையில் 300, த்ரெட்ஸில் 500, இன்ஸ்டாகிராம் விளக்கத்தில் 2,200, லிங்க்ட்இனில் 3,000. இது எல்லோருக்கும் தெரியும். எதை ஓர் எழுத்து என்று எண்ணுகிறார்கள் என்பதுதான் சிக்கல். ‘கொடுத்தோம்’ என்று எழுதுங்கள். நாம் எண்ணினால் ஐந்து எழுத்து. புளூஸ்கையும் ஐந்து என்றே எண்ணும். எக்ஸ் பத்து என்று எண்ணும், ஏனென்றால் அங்கே கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் குறிகள்தான் கணக்கு: ‘கொ’வில் க ஒன்று, ஒகரக் குறி ஒன்று, ‘த்’தில் புள்ளி தனி. எங்கள் ஆப் எல்லா இடத்துக்கும் ஐந்து என்றே எண்ணியது. ‘இன்னும் 60 எழுத்து மிச்சம்’ என்று காட்டிய பதிவை எக்ஸ் திருப்பி அனுப்பியது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்திருந்தால் அந்தப் பிழை எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. தயவுசெய்து மாதிரித் திரைகளில் தமிழில் எழுதிப் பாருங்கள். வரி உயரமும் அப்போதுதான் சரியாக வரும், இல்லையென்றால் கொம்பும் சுழியும் வெட்டுப்படும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. இந்த வேலை செய்பவர்களை யாரும் வேலை செய்பவர்களாக நினைப்பதில்லை. ‘சும்மா போன் பார்க்கிற வேலைதானே’ என்று வீட்டிலும் சொல்வார்கள், அலுவலகத்திலும் சொல்வார்கள். ஆனால் இரவு பதினொரு மணிக்கு யாரோ ஒருவர் பக்கத்தில் வந்து கெட்ட வார்த்தையில் திட்டினால் பத்து நிமிடத்தில் பதில் போயாக வேண்டும். ஞாயிறு கிடையாது. நிறுவனத்தின் முகம் என்பார்கள், அந்த முகத்தைக் குழுவிலேயே சம்பளம் குறைந்தவர் கையில் கொடுப்பார்கள், தவறினால் அவர் ஒருவரே பொறுப்பு. பாட்டி இறந்த அன்று எனக்கு விடுப்பு தரப்பட்டது. போனை அணைத்து வைக்க அனுமதி தரப்படவில்லை. எல்லா இடமும் அப்படி இல்லை, நல்ல மேலாளர்களும் இருக்கிறார்கள், தெரியும். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

டாஷ்போர்டு? காலையில் திறந்ததும் மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: எது போகவில்லை, இன்று எது போகப் போகிறது, யாருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கிராஃப் மாதக் கடைசியில் அறிக்கைக்குத்தான் வேண்டும், அதைத் தனிப் பக்கத்தில் வையுங்கள்.

வரைந்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆறு பேரைக் கூப்பிட்டு, நான்கு கணக்கு கொடுத்து, மாற்றி மாற்றி எழுதச் சொல்லுங்கள். நடுவில் சட்டென்று போனைக் கவிழ்த்துவிட்டு, “இப்போ எந்தக் கணக்குல இருந்தீங்க?” என்று கேளுங்கள். எங்கள் முதல் வடிவத்தில் ஆறில் இரண்டு பேர் சரியாகச் சொன்னார்கள். நான்காவது வடிவத்தில் ஐந்து பேர். சொல்லாத அந்த ஒருவருக்காக வெளியீட்டை இன்னும் மூன்று வாரம் தள்ளிப்போட்டோம்.