ஊசியா, ஒப்பரேசனா? வீட்டில் எப்படிச் சொல்வது?

வாசகர் கடிதம்:

எனக்கு 68 வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரவில் ஆறேழு தடவை எழுந்து வெளியே போக வேண்டியிருந்தது. வயதுக் கோளாறு என்று விட்டுவிட்டேன். தீபாவளிக்கு அடுத்த வாரம் ஒரேயடியாக அடைத்துக்கொண்டது. டியூப் போட்டுக் கண்டிக்கு அனுப்பினார்கள். புரஸ்டேட்டில், அதாவது ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில், புற்றுநோயாம். இரத்தத்தில் பி.எஸ்.ஏ. 86. சதை எடுத்துப் பார்த்ததில் 4+4=8 என்று எழுதியிருக்கிறது. எலும்பு ஸ்கேனில் இடுப்பெலும்பில் இரண்டு இடம் தெரிகிறதாம். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, இல்லாவிட்டால் இரண்டு விதைகளையும் எடுத்துவிடும் ஒப்பரேசன். யோசித்து வந்து சொல்லுங்கள் என்றார் டொக்டர்.

சம்சாரத்திடம் சொல்லவில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கிளினிக் கொப்பியைச் சாமிப்படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். மாசியில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்துக்கு நான்தான் பாட்டு வாத்தியார். கூத்து முடிந்ததும் போகலாமா? விதையை எடுத்தால் குரல் பெண் குரல் ஆகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் குரல். மாறாது. சிறுவயதில், குரல் உடையும் முன்னே விதையை எடுத்தால்தான் குரல் பெண் குரலாக நிற்கும். 68 வயதில் உங்கள் குரல்வளை எப்போதோ வளர்ந்து முடிந்துவிட்டது. ஊசி போட்டாலும் சரி, ஒப்பரேசன் செய்தாலும் சரி, ரதியின் ஒப்பாரியை நீங்கள் இழுக்கிற இழுப்பு அப்படியே இருக்கும். நீங்கள் கடைசி வரியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், கடிதம் முழுவதும் அந்தப் பயத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

ஊசிக்கும் ஒப்பரேசனுக்கும் இடையில் நீங்கள் ஒரு பெரிய வித்தியாசம் இருப்பதாக நினைத்திருக்கிறீர்கள். ஊசி என்றால் ஆணாக இருக்கலாம், ஒப்பரேசன் என்றால் எல்லாம் போய்விடும் என்று. அப்படி இல்லை. இந்த நோய்க்குத் தீனி, விதைகளில் சுரக்கும் டெஸ்டஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோன். அதை நிறுத்தினால் நோய் சுருங்குகிறது. 1941இல் சிகாகோவில் சார்ல்ஸ் ஹகின்ஸ் என்ற டொக்டர் இதைக் காட்டினார். 1966இல் நோபல் பரிசும் வாங்கினார். ஒப்பரேசன் அந்த ஹோர்மோன் சுரக்கும் இடத்தை எடுத்துவிடுகிறது. ஊசி, சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து வரும் கட்டளையை நிறுத்துகிறது. உடம்புக்குள் நடப்பது ஒன்றுதான். உறவில் நாட்டம் இரண்டிலும் குறையும், பெரும்பாலானவர்களுக்கு இல்லாமலே போகும். மறைத்துச் சொல்வதில் பிரயோசனம் இல்லை.

வேறுபாடு மற்ற விடயங்களில் இருக்கிறது. ஒப்பரேசன் ஒரு தடவையோடு முடிந்தது. ஒரு நாளுக்குள் ஹோர்மோன் விழுந்துவிடும். ஊசியில் அது விழ மூன்று நான்கு வாரம் பிடிக்கும். அதிலும் இவ்வகை ஊசிகளில் பெரும்பாலானவை முதல் ஒன்றிரண்டு வாரம் ஹோர்மோனைக் கூட்டிவிட்டுத்தான் குறைக்கும். அந்த நாட்களுக்குக் காவலாக ஒரு குளிசை தருவார்கள். எலும்பில் நோய் உள்ளவர் அந்தக் குளிசையை ஒரு நாளும் தவறவிடக் கூடாது. ஊசியை நிறுத்தினால் ஹோர்மோன் திரும்பி வரலாம். ஒப்பரேசனில் அந்த வழி இல்லை.

என் எண்ணத்தைக் கேட்டால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஒப்பரேசனைத்தான் கேட்டிருப்பேன். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் மருந்து வராத மாதமும் உண்டு; 2022இல் நாடு பட்ட பாட்டை நாம் பார்த்தோம். அப்படி ஒரு மாதத்தில் வெளியே வாங்கி வாருங்கள் என்று துண்டு எழுதித் தந்தால், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி எங்கே போவான்? பையைக் காலி பண்ணாமல் உள்ளே இருக்கிற சதையை மட்டும் எடுக்கும் முறையும் இருக்கிறது. கண்ணாடி முன் நிற்கும்போது அது சிலருக்கு ஆறுதல். உங்களுக்குப் பொருந்துமா என்று டொக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். முடிவு உங்களுடையது, அவருடையது. நான் தூரத்திலிருந்து எழுதுகிறவன்.

அடுத்தது, மாசி வரை பொறுப்பது. வேண்டாம் அண்ணே. ஏன் என்று சொல்ல என் அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

அவர் கவ்வாத்து வெட்டியவர். முதுகு வலி என்று ஒரு மழைக்காலம் முழுவதும் படுத்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளைக் குளிசை கொடுத்தார்கள். நாங்கள் வாதம் என்று முடிவு செய்து, காலையும் மாலையும் எண்ணெய் காய்ச்சித் தேய்த்தோம். கால் மரத்துப் போகிறது என்று ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்க முடியவில்லை. கம்பளியை மூங்கிலில் கட்டி, நான்கு பேர் தோள் மாற்றித் தோள் மாற்றி றோட்டுக்குத் தூக்கி வந்தோம். லொறி வரும் வரை தேயிலைச் செடிகளுக்கு நடுவே அவரை இறக்கி வைத்திருந்தோம். மழைத்தண்ணீர் அவர் காலில் ஓடியது, அது அவருக்குத் தெரியவில்லை. புரஸ்டேட்டில் தொடங்கிய நோய் முதுகெலும்புக்கு வந்து நரம்புத் தண்டை நெரித்திருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமையே போயிருந்தால் கால் தப்பியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். எண்ணெய் தேய்த்த கை என்னுடையது.

உங்களுக்கு இடுப்பெலும்பில் இரண்டு இடம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், முதுகெலும்பு என்று இல்லை. ஆனாலும் இதை மனதில் வைத்திருங்கள்: புதிதாக முதுகு வலி, கால் தளர்ச்சி, காலிலோ உட்காரும் இடத்திலோ மரப்பு, மலசலம் அடங்காமல் போவது, அல்லது வராமல் போவது. இதில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். உங்கள் லயம் வரை ஏறாது என்றால் எந்த முடக்கில் நிற்பது என்று இப்போதே பேரனிடம் காட்டி வையுங்கள்.

உங்கள் கொப்பியில் உள்ள எண்களையும் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்.ஏ. என்பது புரஸ்டேட் சுரந்து இரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம்; அது நாலுக்கு மேல் போனால்தான் பொதுவாக யோசிப்பார்கள். புற்றுநோய் இல்லாத வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும் கூட அது ஏறும். ஆனால் 86ஐ அப்படி ஒதுக்கிவிட முடியாது. 4+4=8 என்பது செல்கள் எவ்வளவு முரடாக இருக்கின்றன என்பதன் கணக்கு. ஆறு சாது, பத்து படுமுரடு. எலும்புக்கு வந்துவிட்ட நோயை அடியோடு நீக்க முடியாது. அடக்கி வைக்க முடியும், நன்றாகவே முடியும், ஆண்டுக்கணக்கில் வேலை வெட்டியோடு இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஊசியோ ஒப்பரேசனோ அதன் அடித்தளம். இப்போது அதோடு வேறு மருந்தும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அபிரட்டரோன் என்ற குளிசை, டொசிடெக்சல் என்று ஏற்றுகிற மருந்து. உங்களைப் போல எலும்பில் ஓரிரு இடம் மட்டும் உள்ளவர்களுக்குப் புரஸ்டேட் சுரப்பிக்குக் கதிர் சிகிச்சை கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று பிரித்தானியாவில் நடந்த பெரிய ஆய்வு 2018இல் காட்டியது. சனங்கள் ‘கரண்ட் பிடிப்பது’ என்பார்களே, அதுதான். “எனக்கு அது பொருந்துமா?” என்று ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்கள். சிங்களத்தில் சொன்னது பாதிதான் விளங்கியது என்றால் வெட்கப்படாமல் திரும்பக் கேட்கலாம். அல்லது விளங்குகிற ஒருவரைக் கூட்டிப் போகலாம்.

இங்கேதான் சாமிப்படத்துக்கு வருகிறேன்.

அண்ணே, உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் சாமிப்படத்தைக் கழற்றித் துடைத்து மஞ்சள் குங்குமம் வைப்பது யார்? நீங்களா? வாசிக்கத் தெரியாதவரிடமிருந்து கொப்பியை ஒளிக்க நீங்கள் தேர்ந்த இடம், அவர் கை வாரம் ஒரு தடவை போகிற இடம். அவர் அதைப் பார்த்திருப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்திருக்காது, அதனால் இன்னும் பெரிதாக நினைத்துக்கொண்டிருப்பார். இராத்திரி நீங்கள் எழுந்து பனியில் வெளியே போகும் ஒவ்வொரு தடவையும் அவர் விழித்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சொல்வதற்குச் சடங்கு எதுவும் வேண்டாம். கொப்பியை எடுத்து அவர் மடியில் வைத்து, “இது புற்றுநோய், புரஸ்டேட்டில், மருந்து இருக்கிறது” என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். இது தொற்றாது, உறவாலும் அவருக்கு வராது என்பதையும் சொல்லுங்கள். இளவயதுத் தப்புக்கு வந்த தண்டனை என்று லயத்தில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வயதான ஆண்கள் பலருக்கு வருகிற நோய் இது.

அவரிடம் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. ஹோர்மோன் நின்றதும் திடீர் திடீரென்று உடம்பு தீப்பிடித்த மாதிரி சுடும், வியர்த்துக் கொட்டும். பொகவந்தலாவைக் குளிரில் சுவெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலில் நிற்பீர்கள். காரணம் இல்லாமல் கண் கலங்கும், எரிச்சல் வரும், தொப்பை போடும். தூரம் நின்ற வயதில் பெண்கள் படுகிற பாடும் இதே வகைதான். உங்கள் சம்சாரம் கூடை சுமந்துகொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் அதைக் கடந்து வந்திருப்பார். உங்களுக்கு வரப்போவது என்னவென்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். உறவு இல்லாமல் போவதைப் பற்றியும் நீங்கள் இருவரும்தான் பேச வேண்டும். அதில் நான் நுழையவில்லை.

எலும்பு மெலியும். ஆகவே தினமும் நடை, தலையோடு தின்கிற நெத்தலி, முருங்கைக் கீரை, முடிந்தால் பால். சீனியையும் இரத்த அழுத்தத்தையும் இடைக்கிடை பார்த்துக்கொள்ளுங்கள். கட்டு அனோதா (முள்ளு சீத்தா) இலையை அவித்துக் குடித்தால் போதும் என்று யாராவது வருவார்கள், கட்டாயம் வருவார்கள். அதை நம்பி மருந்தை விட வேண்டாம். தேத்தண்ணீரை ஆறு மணிக்குப் பிறகு குறைத்தால் இரவு நடை கொஞ்சம் குறையும்.

கண்டிக்குப் போய்வருகிற செலவு சின்ன விடயம் இல்லை. புற்றுநோயாளருக்கான உதவிக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள்; நோயின் பெயர் எழுதிய டொக்டரின் கடிதமும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் கையில் இருக்கட்டும். ஜனாதிபதி நிதியத்துக்கும் விண்ணப்பிக்க முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் சொன்னால் பாரம் நிரப்ப உதவி கிடைக்கும்.

கிளினிக் வாங்கில் ஒரு விடயம் கவனித்திருக்கிறேன். பெண்கள் உட்கார்ந்த பத்து நிமிடத்தில் ஒருவர் கதையை ஒருவர் கேட்டு முடித்துவிடுவார்கள். ஆண்கள் எக்ஸ்றே பையை முழங்காலில் நிறுத்தி வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்ப்பார்கள். அப்படி ஒரு காலையில் என் பக்கத்தில் இருந்த கினிகத்தேனைக்காரர், “உங்கள் ஆளுக்கும் வயிற்றில் போடுகிற ஊசியா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு வாங்கில் இருந்த ஐந்து பேரும் பேசத் தொடங்கினார்கள். எந்த பஸ்ஸில் சாரதி நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார், நாவலப்பிட்டியில் எங்கே கழிவறை சுத்தம் என்பதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நீங்கள் நாலு பேர் முன் பாடுகிறவர். அந்தக் கேள்வியை முதலில் கேட்க உங்களால் முடியும்.

உங்கள் மகன்களுக்கும் தம்பிமாருக்கும் சொல்லுங்கள். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இருந்தால் இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் டொக்டரோடு பேசி பி.எஸ்.ஏ. பார்த்துக்கொள்ளட்டும். தொடக்கத்தில் ஒரு அறிகுறியும் காட்டாது.

காமன் கூத்து: பாடுங்கள். சிகிச்சையைத் தொடங்கிவிட்டுப் பாடுங்கள். இப்போது முடிவு சொன்னால் மாசிக்குள் ஒப்பரேசன் காயம் ஆறக்கூட நேரம் இருக்கலாம். குதித்து ஆடுவதற்கு மட்டும் இடுப்பெலும்பு தாங்குமா என்று டொக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால், தப்புக்காரர்கள் பக்கத்தில் ஒரு கதிரை போடச் சொல்லி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பாடுங்கள். உடம்பு சுட்டால் கழற்றிக்கொள்ளலாம்.