பக்கத்துக் கடைக்குப் போன பென்டிரைவ்

வணக்கம் சார். திருவல்லிக்கேணியில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய தமிழ் எழுத்துரு மென்பொருள் ஒன்றைப் பக்கத்துக் கடை நண்பருக்கு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். என்னுடையது என்னிடமே இருக்கிறது, யாருக்கும் எதுவும் குறையவில்லை. என் மகள் இதைத் திருட்டு என்கிறாள். அப்படியா?

— ஒரு வாசகர்

வணக்கம். திருட்டு என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். ஆனால் தவறுதான், இதில் நான் உங்கள் மகள் பக்கம்.

முதலில் சட்டம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 1984 திருத்தத்துக்குப் பிறகு கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. வாங்கியவர், கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று தனக்கு ஒரு பிரதி எடுத்து வைக்க 52வது பிரிவு இடம் தருகிறது, அடுத்தவருக்குக் கொடுக்க இடம் தரவில்லை. நீங்கள் யோசிக்காத ஒன்று, உங்கள் நண்பரின் நிலை. அனுமதி இல்லாத பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 63பி பிரிவின்படி குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ அல்ல என்றால் சிறை இல்லாமல் 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு நீதிமன்றம் விடலாம், ஆனால் அவர் அதை வைத்துத்தானே கடை நடத்துகிறார்? நட்புக்காகக் கொடுத்தது அவரையும் மாட்டிவிடும்.

சரி, சட்டத்தை விடுங்கள். யாருக்கும் குறையவில்லை என்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. தமிழ் எழுத்துருவைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் யார்? உங்களைப் போன்ற கடைக்காரர்களும் சில பதிப்பகங்களும்தான், அந்தச் சின்ன வட்டத்தில் ஒருவர் குறைந்தாலும் செய்தவருக்குத் தெரியும். கு, சு, டு, பு என்று உகரம் சேரும்போது வளைவு எப்படியெல்லாம் மாறுகிறது என்று பாருங்கள், அத்தனையையும் ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். எனக்குத் தெரிந்த ஒருவர் மயிலாப்பூரில் வீட்டின் பின்னறையில் இரண்டு வருடம் உட்கார்ந்து ஓர் எழுத்துரு செய்தார். மவுண்ட் ரோடு பேனர்களிலெல்லாம் அவருடைய எழுத்தைப் பார்த்தேன், அவருக்கு வந்த பணம் மின்சாரக் கட்டணத்துக்குக்கூடப் போதவில்லை. இரண்டாவது எழுத்துருவை அவர் தொடங்கவே இல்லை.

பெரிய கம்பெனிகளின் விலை நமக்கு எட்டாது என்ற கோபம் எனக்கும் உண்டு. அதற்கு, படம் வரைந்து வடிவமைக்க இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை போன்ற எழுத்துருக்கள் இருக்கின்றன. இவற்றைச் செய்தவர்களே பகிர அனுமதித்திருக்கிறார்கள், நண்பருக்கு இவற்றைப் போட்டுக் கொடுங்கள். பழைய எழுத்துருவே வேண்டும் என்றால், அதைச் செய்தவருக்கு ஃபோன் போட்டு இன்னொரு கணினிக்கு என்ன விலை என்று கேளுங்கள், தொகையை இருவரும் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளலாம்.