சிட்டில் வந்துவிட்டது, டெஸ்டிங்குக்கு ஏன் வரவில்லை?

டெபியன் ஒரு லினக்ஸ் இயங்குதளம். மென்பொருள்களின் புதிய பதிப்புகள் முதலில் அதன் சிட் என்ற கிளைக்கு வரும், பிறகு டெஸ்டிங்குக்கு நகரும், கடைசியில் ஸ்டேபிள் என்ற நிலையான பதிப்பாக வெளியாகும். கொட்டாஞ்சேனையில் அச்சகம் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடைக் கணினிகளில் டெபியன் டெஸ்டிங் போட்டிருக்கிறேன். பக்க வடிவமைப்புக்குப் பாவிக்கும் மென்பொருளின் புதிய பதிப்பு சிட்டில் வந்து மூன்று கிழமை ஆகிறது. டெஸ்டிங்கில் இன்னும் பழையதுதான். சிட்டைச் சேர்த்து அதை மட்டும் இழுத்துக்கொள்ளலாமா?"

வேண்டாம். "அதை மட்டும்" என்பது பெரும்பாலும் நடக்காது. சிட்டில் கட்டப்பட்ட பொதி (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்பு), அங்கே இருக்கும் லைப்ரரிகளை, அதாவது பல மென்பொருள்கள் பொதுவாகப் பாவிக்கும் நிரல்களை, கேட்கும். சில வேளை, ஏறக்குறைய எல்லா மென்பொருளும் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியையே புதிய பதிப்புக்கு இழுத்துவிடும். பிறகு பழைய பதிப்புக்கு இறங்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை. வாடிக்கையாளரின் வேலை கிடக்கும் கணினியில் அந்த நிலை வரக்கூடாது.

சரி, ஏன் நிற்கிறது? சிட்டிலிருந்து டெஸ்டிங்குக்குப் பொதிகளை நகர்த்துவது பிரிட்னி என்ற நிரல். சாதாரணமாக ஒரு பொதி 5 நாள் காத்திருக்க வேண்டும். அவசரம் என்று குறித்தால் 2 நாள், அவசரமில்லை என்றால் 10 நாள். உங்கள் பொதிக்கு மூன்று கிழமை என்பதால் வேறு காரணம் இருக்கக்கூடும். ஆனால் முதலில் ஒன்றைப் பாருங்கள்: இடையில் அந்தப் பொதியைக் கவனிக்கும் டெபியன் பராமரிப்பாளர் திருத்திய பதிப்பை ஏற்றியிருந்தால் நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

காரணத்தை ஊகிக்கத் தேவையில்லை. டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பொதியை நிறுவி, டெர்மினலில் கிரெப்-எக்ஸ்கியூசஸ் கட்டளையோடு பொதியின் பெயரைக் கொடுங்கள். "டூ யங், ஒன்லி 3 ஓஃப் 5 டேஸ் ஓல்ட்" (5 நாளில் 3 நாள்தான் ஆகியிருக்கிறது) என்று வந்தால் பொறுத்திருந்தால் போதும். "மிஸ்ஸிங் பில்ட்" என்றால், முன்பு கட்டப்பட்டுவந்த ஏதோ ஒரு கட்டமைப்பில் (கணினிச் செயலி வகையில்) இம்முறை கட்டப்படவில்லை. ஐபிஎம் மெயின்பிரேமுக்கான எஸ்390எக்ஸில் தவறினாலும் உங்கள் இன்டெல் கணினிக்கு வராது. முக்கியமான வழு புதிதாகப் பதிவாகியிருந்தாலும் நிற்கும். உங்கள் பொதியை நம்பியிருக்கும் வேறொரு பொதியின் தானியங்கிச் சோதனை தோற்றாலும் நிற்கும்.

அதிகம் குழப்புவது லைப்ரரி மாற்றம்தான். ஒரு லைப்ரரியின் பெயர் மாறினால், அதைப் பாவிக்கும் எல்லாப் பொதிகளும் மீண்டும் கட்டப்பட்டு ஒன்றாக நகர வேண்டும். ஒன்று சிக்கினால் எல்லாம் சிக்கும். 2024இல் 32-பிட் கணினிகளின் 2038 நேரச் சிக்கலை (அவற்றின் நேரக் கணக்கு 2038க்கு மேல் போக முடியாததை) தீர்க்க நூற்றுக்கணக்கான லைப்ரரிகள் பெயர் மாறின. 64-பிட் கணினிக்காரரும் அப்போது மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். உங்கள் பொதியில் ஒரு பிழையும் இல்லாமலே அது நின்றிருக்கலாம். அதனால் பராமரிப்பாளருக்குக் கோபமாக எழுதிவிடாதீர்கள். வெளியீட்டுக்கு முந்திய உறைநிலையிலும், அதாவது புதிய மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் காலத்திலும், இப்படித்தான். டெபியன் 13க்காக 2025 மார்ச்சில் தொடங்கி ஓகஸ்ட் 9 வரை கதவு கொஞ்சம் கொஞ்சமாக மூடப்பட்டது.

இப்போதைக்கு அந்த மென்பொருள் பிளாட்பேக்காக (தனக்கு வேண்டிய லைப்ரரிகளோடு தனியாக நிறுவப்படும் வடிவில்) கிடைத்தால் அதை எடுங்கள். கணினியின் மற்ற லைப்ரரிகளை அது தொடாது, கணினியில் நிறுவிய தமிழ் எழுத்துருக்களும் பெரும்பாலும் தெரியும். ஆனால் புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழையதில் திறக்காமல் போகலாம், பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அச்சகத்துக்கு டெஸ்டிங் பொருத்தமில்லை. பாதுகாப்புத் திருத்தங்களும் பெரும்பாலும் இதே வரிசையில் நின்றுதான் அங்கே வருகின்றன. 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்இசட் பின்கதவு (எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் ஒளித்துவைத்த இரகசிய நுழைவழி) டெஸ்டிங்குக்குள்ளும் நுழைந்திருந்தது, ஸ்டேபிளைத் தொடவில்லை. வேலை குறைந்த ஒரு கிழமை பார்த்து, கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்துவிட்டு, ஸ்டேபிளைப் புதிதாக நிறுவுங்கள். டெஸ்டிங்கிலிருந்து அப்படியே இறங்க முயலாதீர்கள்.