இக்னஷேவிச்: சேம் சைடு கோலும் அப்புறம் பெனால்டியும்

கேள்வி: கால்பந்தில் ரஷ்யாவுக்காக அதிக ஆட்டம் ஆடியவர் கோல்கீப்பர் அகின்ஃபீவ்தானே?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அகின்ஃபீவ் 111 ஆட்டம். அவருக்கு முன்னால் நின்று தடுத்தவர், சக வீரர்கள் பெரிதும் நம்பிய டிஃபண்டர் செர்கேய் இக்னஷேவிச் 127.

கேள்வி: 2018 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராகச் சேம் சைடு கோல் போட்டவரா? அவரையா சக வீரர்கள் அவ்வளவு நம்பினார்கள்?

பதில்: அவரேதான். நம்பிக்கைக்குச் சாட்சியும் அதே ஆட்டம்தான். மாஸ்கோ லுஷ்னிகி மைதானம், 12-வது நிமிடம். ஸ்பெயினின் ஃப்ரீ கிக் உயரத்தில் வருகிறது. இக்னஷேவிச் பந்தைப் பார்க்கவே இல்லை. ஸ்பெயின் வீரர் ராமோஸோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருவரும் விழுகிறார்கள். பந்து இவர் குதிகாலில் பட்டு உள்ளே போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் மீதி ஆட்டம் முழுக்கத் தலை குனிந்திருப்பார்கள். ரஷ்யாவின் ஜூபா பெனால்டியில் சமன் செய்தார், 120 நிமிடமும் ஓடியது. பெனால்டி ஷூட் அவுட்டில் ரஷ்யாவின் இரண்டாவது உதையை அடிக்க வந்தவர் யார் தெரியுமா? இதே மனிதர். கோல். குரோஷியாவிடம் தோற்ற அடுத்த ஷூட் அவுட்டிலும் தன் பங்கை அடித்துவிட்டார். தப்பு செய்தவன் அடுத்த பாரத்தையும் தோளில் ஏற்றிக்கொண்டால், கூட இருப்பவர்களுக்கு அவனைப் பிடிக்காமல் போகுமா?

கேள்வி: 38 வயதில் அவரை ஏன் எடுத்தார்கள்? ஆளே இல்லையா?

பதில்: உண்மையைச் சொன்னால், இல்லை. தடுப்பு வீரர்கள் வாசின், ஜிகியா இருவருக்கும் முழங்கால் தசைநார் கிழிந்தது. கம்போலோவும் காயத்தால் விலகினார். 2016-க்குப் பின் தேசிய அணியிலிருந்து ஒதுங்கியிருந்தவரைப் பயிற்சியாளர் செர்சேசோவ் திரும்ப அழைத்தார். வந்தார்.

கேள்வி: இக்னஷேவிச்சோடு தடுப்பில் ஆடிய பெரெசுட்ஸ்கி இரட்டையர்களில் யார் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முகத்தைப் பார்த்தால் முடியாது, சட்டையைப் பாருங்கள்! மாஸ்கோ கிளப்பான சிஎஸ்கேஏவில் வசீலி 24, அலெக்ஸேய் 6, நடுவில் இக்னஷேவிச் 4. 2005-இல் லிஸ்பனில், ஸ்போர்ட்டிங் அணியின் சொந்த மைதானத்திலேயே யுஇஎஃப்ஏ கோப்பை இறுதி. சிஎஸ்கேஏ 0-1 என்று பின்தங்கியபோது சமன் செய்தவர் அலெக்ஸேய், கடைசியில் 3-1. ரஷ்ய கிளப் ஒன்று வென்ற முதல் ஐரோப்பியக் கோப்பை அது. வருடக்கணக்காகப் பக்கத்தில் ஆடினால் கத்திச் சொல்லத் தேவையில்லை, ஒருவன் முன்னே போனால் மற்றவன் தானாகவே இடத்தை மூடுவான். மூவரும் 2018-இல்தான் ஆட்டத்தை விட்டார்கள்.

கேள்வி: அதன்பின் இக்னஷேவிச் என்ன செய்தார்?

பதில்: பயிற்சியாளர் ஆனார். காலினின்கிராத் நகரின் பால்டிகா அணியை 2023-இல் ரஷ்யாவின் உச்சப் பிரிவான பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டார். மறு வருடமே அந்த அணி இறங்கிவிட்டது, ஆனால் அதே சீசனில் ரஷ்யக் கோப்பை இறுதி வரைக்கும் போனது.